வேரோடு கேட்ட செடி

கோலசிலாங்கூர் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு தோட்டத்துப் பெண்கள், களைத்துப்போய் உட்கார்ந்திருந்தார்கள்.

"எம்மவன் பீய போத்தல்ல போட்டு யூனிவர்சிட்டிக்குக் கொண்டு போயிட்டாங்கக்கா," என்றாள் இளையவள். எனக்குத் தூக்கமே போய்விட்டது.

"எதுக்குடி?"

"வயித்துல இருக்கற நல்ல கிருமிய பாக்கவாம். அம்மான் பச்சரிசி அரைச்சுக் குடுத்து அவனுக்குப் பேதி நின்னுச்சுல்ல? அந்தச் செடியும் வேரோட வேணுமாம்."

"புடுங்கிக் குடு லா."

"எங்க இருக்கு? வேல வாங்கற மண்டோர் சொன்னாருன்னு எங்க லயத்து வீடுங்களச் சுத்தி ஒன்னு விடாம புல்லு சாவற மருந்து அடிச்சவளே நாந்தான். இப்ப அவனுக்கு மறுபடியும் வயித்தால போகுதுக்கா."

"எங்க லயத்துப் பின்னால நெறைய கெடக்கு. நாளைக்கு வா."

"நாளைக்கு உங்க லயத்துக்குத்தான்க்கா மருந்தடிக்கணும்."

அக்கா எழுந்து பஸ் மணியை அடித்தாள். "அப்ப இப்பவே எறங்குடி."