கிளை வரலாற்றின் நாற்பத்தோராம் பக்கம்

— அந்தப் பக்கத்தைத் திரும்ப வாசியுங்கோ அத்தான். என்ரை காதிலை சரியா விழேல்லை.

— "உறுப்பினர் எகுத் இராயப்பு, இப்ராஹிமா ஒளிந்திருந்த நிலவறையைப் போலீசுக்குக் காட்டிக் கொடுத்தார். அவரைக் கிளையிலிருந்து ஒருமனதாக நீக்கினோம்." போதுமா? எகுத் மச்சான், மெதுவா பேசு. பெர்தொனே தெருவே நம்மளத்தான் பாக்குது.

— பாக்கட்டும். முப்பது வருசத்துக்கு முந்தி வாயாலை சொன்னாங்கள், தாங்கினன். இப்ப புத்தகமா அடிச்சு, நாளைக்கு யூனிவெர்சித்தேயிலை மேடை போட்டு வெளியிடப் போறியள். எழுதினது ஆர்? என்ரை அக்கான்ரை புருசன்!

— எகுத், சங்கக் கிளையோட வரலாறுன்னா பழைய கூட்டக் குறிப்புல இருக்கறதத்தானே எழுத முடியும்?

— அந்தக் குறிப்பை எழுதினதும் நீங்கள்தானே, செயலாளர் யோன்! கறுப்புப் பெடியளின்ரை சகோதர சங்கம் அது. அதிலை நாங்கள் ரெண்டே ரெண்டு தமிழர். பாரிசிலை ஒருத்தரும் எனக்கு அறை தராமல் நான் றோட்டிலை நிண்ட நேரம், "நீயும் கறுப்பன்தானே, வா" எண்டு தன்ரை கட்டிலிலை பாதி தந்தவன் இப்ராஹிமா. விசா இல்லாதவன் எண்டு அவனைப் பிடிச்சு, அவன்ரை நாடு மாலிக்கு ஏத்திப் போட்டாங்கள். அவன்ரை தாய் எனக்குக் கடிதம் போட்டவ. ஒரே ஒரு வரி. "ஏன் மகனே?" எண்டு.

— தெரியும்.

— நான் காட்டிக் குடுக்கேல்லை எண்டும் தெரியுமோ?

— தெரியும்.

— எப்ப தொடக்கம்?

— அன்னைக்கே.

— தெரிஞ்சு கொண்டோ என்ரை பேரை எழுதினனீங்கள்? பொறுங்கோ, அக்காவுக்குக் கோல் எடுக்கிறன். முழு லாச்சப்பல் தமிழ்ச்சனமும் என்னைப் பார்த்துத் துப்பேக்கை, "என்ரை தம்பி செய்யான்" எண்டு நிண்டவ அவ ஒருத்திதான். இதைக் கேட்டால் உங்களோடை ஒரு நாள் இருக்கமாட்டா.

— ஃபோனை வை மச்சான்.

— ஏன், பயமோ?

— பயந்தது நான் இல்ல. அந்தப் பசங்களோட சுத்தி நீ படிப்பை விட்டுடுவேன்னு அவ பயந்தா. அவங்களே உன்னைத் துரத்தணும்னு நினைச்சா.

— ஆர் அவ?

— போலீசுக்குச் சொன்னவ. உன் பேரை எழுதுன்னு என் கையைப் புடிச்சு அழுதவ. சுகிர்தம், மச்சான். உன் அக்கா.