ஒரு சாண் தாழ

உட்கார்ந்தே பேசலாம் என்றால் எனக்குச் சௌகரியம். முழங்கால் இப்போதெல்லாம் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. நாற்பது குளிர்காலம் ஸ்த்ரான்ஜா மலை ஈரத்தில் அசையாமல் நின்ற கால். காபி வேண்டாம், குடித்துவிட்டுத்தான் வந்தேன். நீங்கள் நிதானமாக எழுதிக்கொள்ளுங்கள்.

பெயர் ஸ்தாமத். வயது அறுபத்து நான்கு. மனைவி போய்ப் பதினோரு வருஷம் ஆகிறது, பிள்ளைகள் இல்லை. எங்கள் ஊர் வேட்டைக் குழுவில் பன்னிரண்டு பேர். அத்தனை பேருக்கும் மருந்தும் குண்டும் அடைத்துக் காட்டுப்பன்றித் தோட்டா கெட்டித்துக் கொடுத்தவன் நான்தான். இருபத்தாறு வருஷமாக எங்கள் ஆட்கள் கடைத் தோட்டா வாங்கியதே இல்லை.

முயலுக்கும் பறவைக்கும் போடுகிற சில்லறைக் குண்டு வேறு. அதில் நூறு போகும், ஒன்றாவது படும். பன்றிக்குப் போடுவது ஒற்றை ஈயக்குண்டு. ஒன்றே ஒன்று, கட்டைவிரல் பருமன். அது போகிற இடத்துக்குத்தான் போகும். ஒவ்வொரு துப்பாக்கிக்கும் நாக்கு வேறு. ஒன்றுக்குக் கனமான குண்டு பிடிக்கும், ஒன்றுக்கு, மருந்துக்கும் குண்டுக்கும் நடுவில் அடைக்கும் தக்கை கொஞ்சம் இறுக்கமாக இருக்க வேண்டும். கோடை முழுக்க ஈயத்தை உருக்கி வார்ப்பேன். பாழடைந்த கல்குவாரியில் தாளை ஒட்டி, ஐம்பது அடி எடுத்துவைத்து, ஆளுக்கு ஐந்து சுடுவேன். ஐந்து ஓட்டையையும் என் உள்ளங்கை மறைத்தால்தான் அந்தத் தோட்டா அந்த ஆளுக்குப் போகும். இல்லையென்றால் மறுபடியும் முதலிலிருந்து.

ஓக்னியானுடைய இரட்டைக்குழல் மட்டும் என்னைப் படாத பாடு படுத்தியது. அவன் அப்பா வைத்திருந்தது, இடது குழல் ஒன்றரைக் கண். அதை வழிக்குக் கொண்டுவர இரண்டு கோடை ஆயிற்று. ஓக்னியான் தபால்காரன். கடிதமே இல்லாத நாளிலும் என் வீட்டு வாசலில் சைக்கிளை நிறுத்துவான். அவன் மனைவி ரூஸ்க்கா பாலாடைக்கட்டி வைத்துச் சுட்ட பனிட்சாவைக் காகிதத்தில் சுற்றிக் கொண்டுவருவான். நான் வேலை செய்ய, அவன் பேசாமல் பார்த்துக்கொண்டிருப்பான். எனக்கு அவனைப் பிடிக்கும். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

சென்ற இலையுதிர் காலத்தில் எங்கள் குழுத் தலைவன் வல்ச்சோ நகரத்துக்குப் போய் எல்லோருக்கும் ஆலைத் தோட்டா வாங்கி வந்தான். ஆளுக்கு ஒரு பெட்டி, பெட்டிக்கு ஐந்து. வேட்டைக் குடிசை மேசையில் அடுக்கிவைத்துவிட்டு என் தோளைத் தட்டினான்.

"அண்ணே, நீ ஈயத்தை உருக்கி ஊத்தி முடிக்கிறதுக்குள்ள பன்னி பேரன் பேத்தி எடுத்துருது. கொஞ்சம் ஓய்வெடு."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவன் கெட்டவன் இல்லை, நல்லது செய்வதாகவே நினைத்தான். ஆனால் எனக்கு வலித்தது. இருபத்தாறு வருஷத்தை ஒரே தட்டலில் தள்ளிவிட்ட மாதிரி இருந்தது.

குடிசைச் சாவி எப்போதும் என்னிடம்தான் இருக்கும். வேட்டைக்கு இன்னும் இரண்டு வாரம் இருந்தது. நான் யோசித்துப் பார்த்தேன். ஒருவன் குறி தவறினால், கை நடுங்கியது என்று கேலி செய்வார்கள், அதோடு முடிந்துவிடும். தோட்டாவை யாரும் குறை சொல்ல மாட்டார்கள். குறி பார்த்தது தோளாகவும் பட்டது வயிறாகவும் இருந்தால்தான், "நான் தோளைத்தான் பார்த்தேன்" என்று அவனே சொல்வான். அப்போதுதான் ஆலைத் தோட்டா உதவாது என்று ஆட்களுக்குப் புரியும். ஆகவே குண்டு ஒரு சாண் தாழ விழ வேண்டும். அதற்குக் கூடவும் கூடாது, குறையவும் கூடாது.

ஒரு பெட்டியை வீட்டுக்கு எடுத்துப்போனேன். என்ன செய்தேன் என்ற விவரம் வேண்டாம், நாளைக்கு வேறு யாராவது படிப்பான். முதலில் ஒன்று தாழ்ந்தது, அடுத்தது நேராகப் போயிற்று. அது எதற்கும் உதவாது. என் கூடுகளில் நாற்பதுக்கு மேல் அடைத்துச் சுட்டுப் பார்த்திருப்பேன். பத்தாம் நாள்தான் ஐந்தும் ஒரே இடத்தில் தாழ்ந்தன. அதே மாதிரி ஐந்தை ஆலைக் கூடுகளில் அடைத்து, பெட்டியை ஒட்டி, மூலையில் நகத்தால் ஒரு கீறல் போட்டுத் திரும்ப வைத்தேன்.

வயிற்றில் அடிபட்ட ஆண் பன்றி என்ன செய்யும் என்று தெரியுமா என்று கேட்கிறீர்கள். நாற்பது வருஷம் வேட்டையாடியவனிடம் கேட்கிற கேள்வியா இது. சுட்டவனை நோக்கித் திரும்பி வரும். தெரியும்.

எங்கள் குழுவில் எதைப் பங்கிட்டாலும் முறை ஒன்றுதான். கறியைக் கூறு வைத்துவிட்டு ஒருவனைச் சுவர் பக்கம் திரும்பி நிற்கச் சொல்வார்கள். இன்னொருவன் ஒரு கூறைத் தொட்டு "இது யாருக்கு?" என்பான். திரும்பி நிற்பவன் ஒரு பெயர் சொல்வான். யாருக்கும் வருத்தம் வராது. எப்போதும் திரும்பி நிற்பது நான்தான், பாரபட்சம் பார்க்க மாட்டேன் என்று பெயர். அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் தோட்டாப் பெட்டிகளையும் அப்படியே பிரித்தார்கள்.

ஓக்னியான் மட்டும் மறுத்தான். "எனக்கு அண்ணன் கெட்டிச்சதே போதும்" என்றான். வல்ச்சோ விடவில்லை.

"ஏண்டா, அண்ணன் தாலாட்டுப் பாடினாத்தான் உன் துப்பாக்கி சுடுமா?"

ஓக்னியான் முகம் சிவந்துபோய் வரிசையில் வந்து நின்றான். நான் சுவரைப் பார்த்தபடி பெயர்களைச் சொன்னேன். ஏழாவதாக ஓக்னியான் பெயர் வாயில் வந்தது. நான் எதையும் பார்க்கவில்லை. என் பெயரும் அதில் இருந்தது, கடைசியாகச் சொன்னேன். எனக்கும் அந்தப் பெட்டி விழுந்திருக்கலாம். எனக்கு வந்த பெட்டியைப் பையில் போட்டுக்கொண்டேன். என் துப்பாக்கியில் என் தோட்டாதான் இருந்தது.

திரும்பினேன். கீறல் போட்ட பெட்டி ஓக்னியான் கையில் இருந்தது. பன்றிக்காகக் காத்து நிற்கும் இடங்களுக்கு நாற்பது நிமிஷ ஏற்றம், நானும் அவனும் ஒன்றாகத்தான் நடந்தோம்.

"கோவிச்சுக்காதீங்கண்ணே. இன்னிக்கு ஒரு நாள் இதைச் சுட்டுத் தொலைக்கிறேன். நாளைக்கு உங்ககிட்டதான் வருவேன்."

கோபமெல்லாம் இல்லை என்றேன். பெட்டியை மாற்றிவிடலாமா என்று யோசிக்காமல் இல்லை. ஆனால் குழுவிலேயே நிதானமாகச் சுடுகிறவன் அவன்தான். மற்றவன் சொன்னால் சந்தேகப்படுவார்கள், ஓக்னியான் சொன்னால் எல்லோரும் நம்புவார்கள். நல்லதாகப் போயிற்று என்றே நினைத்தேன். அன்றைக்கு எனக்கு அசதியும் அதிகம்.

ஒன்பதரை மணிக்கு நாய்கள் பன்றியைக் கிளப்பின. அவன் எனக்கு வலப்பக்கம், எண்பது அடி தள்ளி நின்றான். பன்றி நன்றாக நெருங்கும்வரை காத்திருந்து சுட்டான். அது குலுங்கி அவன் பக்கம் திரும்பியது. மறுபடி சுட்டான், அதுவும் தாழ்ந்தது. நான் துப்பாக்கியைத் தூக்கினேன், ஆனால் பன்றிக்குப் பின்னால் அதே கோட்டில் அவன் நின்றான். ஆட்கள் நிற்கும் வரிசையை நோக்கிச் சுடக் கூடாது என்பது எங்கள் முதல் சட்டம். நான் சட்டத்தை மீறவில்லை. அவனைக் கிழித்துப் போட்டுவிட்டு அது ஒதுங்கிய பிறகு, ஒரே குண்டில் சாய்த்தேன்.

தொடையை என் பெல்ட்டால் இறுக்கிக் கட்டினேன். ரத்தம் நிற்கவில்லை. அவன் என் சட்டையைப் பிடித்துக்கொண்டான்.

"நான் தோளைத்தாண்ணே பார்த்தேன்."

தெரியும்டா என்றேன். ஜீப் வரும் பாதைக்குத் தூக்கிப்போவதற்குள் முடிந்துவிட்டது. பன்றியை மறுநாள் கூறு வைத்தபோது அவன் பெயரையும் சேர்த்துத்தான் சொன்னேன். ரூஸ்க்கா கதவைத் திறக்கவில்லை, கறியை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு வந்தேன். எனக்கு அழுகை வந்தது. அது நடிப்பில்லை.

பதினைந்து நாளில் எல்லோரும் என்னிடம் திரும்பி வந்தார்கள். வல்ச்சோ தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றான். உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தேன். ஊரே அவன்தான் ஓக்னியானைக் கொன்றான் என்கிறது. அவன் சாப்பாடு தண்ணீர் இல்லாமல் இளைத்துவிட்டான். அவனுக்காக மனசு கேட்காமல் நான் இங்கே வந்ததாக நீங்கள் நினைத்தால் அப்படியே எழுதிக்கொள்ளலாம்.

ஆனால் சென்ற வாரம் ஊர்மன்றத்தில் நிபுணரின் அறிக்கையைப் படித்தார்கள். ஓக்னியான் பெட்டியில் மிஞ்சிய மூன்று தோட்டாவையும் பிரித்துப் பார்த்தாராம். 'கவனக்குறைவாக நிரப்பப்பட்டவை' என்று எழுதியிருக்கிறார். அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அந்த மூன்றையும் அவரை ஒன்றோடு ஒன்று ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு கடுகு கூட வித்தியாசம் இருக்காது. அந்த ஒரு சொல்லை மட்டும் அடித்துவிடுங்கள் ஐயா, மற்றபடி எங்கே கையெழுத்து வேண்டுமானாலும் போடுகிறேன்.