பச்சைப் பூச்சும் பால்நிறத் தண்ணீரும்

கூச்சலுக்கு நடுவிலும் கூட்டத்தைக் கட்டிக் காக்கும் தலைவர் அவர்களே! முழங்காலைப் பிடித்துக்கொண்டே வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பெரியோர்களே! அடுப்பை அணைத்தோமா இல்லையா என்ற கவலையோடு உட்கார்ந்திருக்கும் தாய்மார்களே! குளத்தை மூடியே தீருவேன் என்று நேற்றுவரை நின்ற மேல்மாடிக்காரரே! என் போர்வையைக் கொடிக்கயிற்றோடு அறுத்துப் போட்ட செயலாளர் அவர்களே! அனைவருக்கும் வணக்கம்.

சிரிக்காதீர்கள். மறக்கிற வழக்கம் எங்கள் குடும்பத்தில் கிடையாது.

சற்றுமுன் உங்கள் கைகள் உயர்ந்தன. நம் குடியிருப்பின் நீச்சல் குளம் மூடப்படாது என்று முடிவானது. அதன் பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது. யாருக்காக? என் தங்கைக்காக! பக்கவாதத்தில் சாய்ந்தவள் அவள். தரையில் நிறுத்தினால் சரிவாள். தண்ணீரில் இறக்கினால் நடப்பாள்! தரை தள்ளிவிட்டவளைத் தண்ணீர் அல்லவா தாங்கியது? அந்தத் தண்ணீருக்கா வரவேண்டும் கேடு?

பழைய டைல்ஸ் உடைந்து பிள்ளைகளின் காலைக் கிழித்தது. பெயர்த்தெறிந்தோம், வெள்ளைச் சிமெண்ட் பூசினோம். பளிங்குபோல் இருந்தது. தண்ணீர் விட்டோம், பால்போல் கலங்கியது. இறங்கியவர்களுக்குக் கண் எரிந்தது. குளோரினைக் கொட்டினோம், பலிக்கவில்லை. தண்ணீரைக் குற்றவாளி ஆக்கினோம். இறைத்தோம், நிரப்பினோம், கலங்கியது. மறுபடி இறைத்தோம், மறுபடி நிரப்பினோம், மறுபடியும் கலங்கியது!

"இது குளமா, கஞ்சித் தொட்டியா? மண்ணைக் கொட்டி மூடுங்க, காராவது நிறுத்தலாம்" என்றார் மேல்மாடிக்காரர். தலையை ஆட்டாதீர்கள் ஐயா. லிஃப்டுக்கு முன்னால், ஈரக் குடையோடு நின்று சொன்னீர்கள். மூடுவதா வேண்டாமா என்று கைதூக்க இன்றைக்கு நாளும் குறித்தீர்கள்.

கட்டிலில் கிடந்தபடி தங்கை கேட்டாள்: "அக்கா, தண்ணி தெளிஞ்சிடுச்சா?"

"தெளியும்டி."

"எப்போக்கா? என் காலு நடையையே மறந்துடும்போல இருக்கே."



மறுபடியும் இறைக்க மோட்டாரைக் கொண்டுவந்தார்கள். குறுக்கே வந்து நின்றார் செயலாளர். "நிறுத்துங்க! பக்கத்துல சின்னப் புள்ளைங்க தொட்டியைப் பாருங்க" என்றார். பார்த்தோம். அது ஃபைபர் தொட்டி. அதே குழாய்த் தண்ணீர், அதே மருந்து. அது மட்டும் கண்ணாடியாக மின்னியது! இரண்டிலும் தண்ணீர் மொண்டு, காரத்தைக் காட்டும் சோதனை மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டார். சின்னத் தொட்டித் தண்ணீர் இளஞ்சிவப்பானது. குளத்துத் தண்ணீரோ கத்தரிப்பூ நிறமாகக் கறுத்தது.

"தப்பு தண்ணியில இல்லம்மா, செவுத்துல! புதுப் பூச்சு சுண்ணாம்பு கக்குது. தண்ணியில அந்தச் சுண்ணாம்பு ஏறிப்போனா குளோரின் வேலை செய்யாது. நாம இறைக்க இறைக்க, புதுத் தண்ணியில அது மறுபடி முதல்லேர்ந்து கக்குது."

"அதுக்கு என்னப்பா பண்றது?" என்றேன்.

"தினமும் பிரஷ் போட்டுத் தேய்க்கணும். தண்ணியைச் சோதிச்சுக் கொஞ்சம் கொஞ்சமா ஆசிட் விடணும். அவசரப்பட்டு அள்ளி ஊத்தினா பூச்சு அரிச்சுப்போயி சொரசொரன்னு ஆயிடும். அப்புறம் பாசிக்குக் கொண்டாட்டம்!"

தாய்மார்களே, உங்களுக்கா இது புரியாது? பிள்ளை பெற்ற பச்சை உடம்பை ஓட ஓட விரட்டுவோமா? புதுப் பூச்சும் பச்சை உடம்புதான்! டைல்ஸுக்கு ஒரு பக்குவம், ஃபைபருக்கு ஒரு பக்குவம், சிமெண்டுக்கு ஒரு பக்குவம். தண்ணீரைத் திட்டுவதற்கு முன்னால், அது எந்த மடியில் கிடக்கிறது என்று பார்க்க வேண்டாமா?

நீளக்கழி பிரஷை முதலில் பிடித்தவர் செயலாளர். வேட்டியை மடித்துக் கட்டி, வழுக்கி விழுந்து, எழுந்து மறுபடியும் தேய்த்தார். பிறகு ஒவ்வொருவராக நீங்களும் வந்தீர்கள். சோதனையில் அந்தக் கத்தரிப்பூ நிறம் நாளுக்கு நாள் வெளுத்தது. ஒரு காலையில், குளத்தின் அடியில் கிடக்கும் வடிகால் மூடியின் ஓட்டைகள்கூட என் கண்ணுக்குத் தெரிந்தன! செயலாளர் அவர்களே, உங்களுக்குக் கைகூப்பி நன்றி சொல்கிறேன். போர்வை விவகாரம் தனி. அது அப்படியே இருக்கிறது.

இனி யாராவது "இறைத்துவிடலாம்" என்றால் என்ன செய்வீர்கள்? பிரஷைக் கையில் கொடுப்பீர்களா? சத்தமாகச் சொல்லுங்கள்! கொடுப்பீர்களா? அந்த ஒரு சொல் போதும் எனக்கு!

தங்கையைத் தேடுகிறீர்களா? கூட்டத்துக்கு வாடி என்றேன். "நீ போய்ப் பேசுக்கா, எனக்கு நடக்கிற வேலை இருக்கு" என்று என் மகள் தோளைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு குளத்துக்குப் போய்விட்டாள். மேடைக்குப் பின்னால் சளக், சளக் என்று கேட்கிறதே, அது அவள் காலடிதான்.

உயர்த்திய கைகளுக்கு நன்றி. தேய்த்த கைகளுக்கு வணக்கம். கொஞ்சம் மெதுவாகக் கைதட்டுங்கள், அந்தச் சத்தத்தை நான் கேட்க வேண்டும்.