ஜிகினா செல்வின் முதுகைக் காட்டிய இடம்

...எளிமை, எளிமைன்னு எனக்கு முன்னாடி ஆறு பேர் பேசிட்டாங்க. நம்ம வாசகசாலைக்கு வெள்ளி விழா. மாலை இல்ல, பொன்னாடை இல்ல, எளிமையா நடத்துறோம்னு தலைவர் சொன்னார். சந்தோஷம். அதைக் கேட்டதும் எனக்கு ஒரு ஆள் ஞாபகம் வந்துட்டார். அவர் கதையைச் சொல்லிடறேன்... சின்னதுதான்.

தூத்துக்குடிப் பக்கம் செல்வின்னு ஒரு மெல்லிசைப் பாடகர். ஊரே 'ஜிகினா செல்வின்'னுதான் சொல்லும். கோட்டு முழுக்கக் கண்ணாடிச் சில்லு. கண்ணுக்கு மை. நாலு விரக்கடை உயரத்துக்கு பூட்ஸ். மேடைக்கு வந்தார்னா முன்வரிசைக்காரன் கண்ணைக் கசக்கணும்.

அவருக்கு ஒரு பாட்டு, அதுதான் அவருக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது. கடைசிச் சரணத்துல குரல் உச்சத்துக்குப் போகும். அந்த இடம் வந்ததும் செல்வின் ஜனங்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பி, ஒரு கையைத் தூக்குவார். குப்புனு புகை வரும். உள்ள இருந்து குரல் எழும்பும் பாருங்க... அப்படி ஒரு குரல். புகை கலைஞ்சதும் இந்தப் பக்கம் திரும்பி, துண்டால நெத்தியைத் துடைப்பார்.

பள்ளிக்கூட ஆண்டு விழாவுல அந்தப் பாட்டைப் பாடுற பயலுவ எல்லாம் அந்த இடத்துல முதுகைக் காட்டுவானுவ. அது ஸ்டைலுன்னு நினைச்சானுவ.

அது ஸ்டைலா? இல்ல. அந்த உச்சம் செல்வினுக்கு எட்டாது. டிரம்ஸுக்குப் பின்னாடி கோரஸ் பாடுற தொம்மைன்னு ஒருத்தர் நிப்பார். அவர்தான் பாடுவார். புகை எதுக்கு? வாய் அசையாதது தெரியக் கூடாது, அதுக்கு. பத்தொன்பது வருஷம் இப்படியே நடந்தது. குழுவுல எல்லாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். தெரிஞ்சுக்கிட்டே, 'செல்வின் குரல் அரங்கை அதிர வைத்தது'ன்னு பேப்பர்ல செய்தி எழுதின நிருபர் நான்.

காலம் போச்சு, கோட்டு போச்சு, குழுவும் கலைஞ்சது. தொம்மை ஐஸ் பேக்டரி வேலைக்குப் போயிட்டார். பதினாலு வருஷம் கழிச்சு செல்வின் திரும்பி வர்றார். எப்படி? 'குரலும் பியானோவும் மட்டும்.' அப்படியே ரெண்டு ஆல்பம். நெளிஞ்ச குரலை எல்லாம் ஸ்டுடியோ மெஷின் நிமிர்த்திக் கொடுத்துட்டுது. பேட்டியில சொன்னார்: "ஜிகினாவைக் கழட்டிட்டேன். இப்ப நிக்கிறது வெறும் செல்வின்."

வெறும் செல்வின் மறுபடி மேடையில நிக்கிறதுக்கு எத்தனை பேர் வேலை பார்த்தாங்க தெரியுமா? வெள்ளை ஜிப்பாவை இஸ்திரி போட ஒருத்தர். அதைப் பக்குவமாக் கசக்க இன்னொருத்தர். புது நாற்காலியைப் பழசாக்க உப்புத்தாள் வச்சுத் தேய்ச்சவர் ஒருத்தர். வெறுங்கால்ல வரணும்... அதனால மேடை முழுக்கக் கம்பளம்.

பியானோ வாசிச்சது ஹெப்சிபா டீச்சர். சர்ச்சுல முப்பது வருஷம் வாசிச்சவங்க. ஒத்திகையில சொன்னாங்க: "செல்வின், அம்பத்தெட்டு வயசாச்சு. சுருதியை ரெண்டு கட்டை இறக்கிப் பாடுங்க, அழகா இருக்கும்."

"இறக்கவா? ஜனங்க அந்த உச்சத்தைக் கேக்கத்தான் வாராங்க டீச்சர்."

"அந்த உச்சம் உங்க கிட்ட இருக்கா?"

"மேடையில வந்துரும்."

ஞாயித்துக்கிழமை சாயங்காலம் நாலு மணி. பள்ளிக்கூட ஹால் நிறைஞ்சிருக்கு. மூணு பாட்டு நல்லாவே போச்சு. நாலாவது, அந்தப் பாட்டு. கடைசிச் சரணம். உச்சம் வருது... வருது... வந்துட்டுது. செல்வின் என்ன செஞ்சார்?

முதுகைக் காட்டித் திரும்பி, கையைத் தூக்கிட்டார்.

புகை இல்ல. டிரம்ஸ் இல்ல. நானூறு பேர் ஒரு கசங்கின ஜிப்பாவோட முதுகைப் பாக்குறாங்க. டீச்சர் அதே இடத்துல விரலை அமுக்கிப் பிடிச்சுக்கிட்டுக் காத்திருக்காங்க.

அப்ப ஏழாவது வரிசையில இருந்து எழும்புச்சு அந்தக் குரல். அதே குரல். டிக்கெட் வாங்கி வந்து உக்காந்திருந்த தொம்மை. அவர் சம்சாரம் சட்டையைப் பிடிச்சு இழுக்குறாங்க: "என்ன செய்தீய? சும்மா இருங்க."

"நான் எங்கடி பாடுனேன்? அவரு கையைத் தூக்குனாரு... வாய் தானாப் பாடிட்டு."

செல்வின் திரும்பினார். வேர்க்காத நெத்தியைத் துடைச்சார். பின்னாடி ஒருத்தன் சத்தம் குடுத்தான்: "அண்ணாச்சி, புகையை மறந்துட்டீயளே."

சிரிப்பு அடங்குறதுக்குள்ள செல்வின் மைக்கைப் பிடிச்சார். "பாத்தீங்களா, என் ரசிகர்கள் என்னமாப் பாடுறாங்கன்னு."

டீச்சர் பியானோ மூடியைச் சாத்திட்டாங்க. "பேரைச் சொல்லுங்க செல்வின். சொன்னாத்தான் வாசிப்பேன்."

குரலும் பியானோவும் மட்டும்னு போஸ்டர் அடிச்சாச்சு. குரல் யாரோடதுன்னு தெரிஞ்சு போச்சு. பியானோவும் மூடியாச்சு. இப்ப மேடையில என்ன மிச்சம்? உப்புத்தாள் போட்ட நாற்காலி.

செல்வின் ஏழாவது வரிசையைப் பார்த்தார். அப்புறம், "தொம்மை... தொம்மை பாடினாரு."

"இன்னைக்கு மட்டுமா?"ன்னாங்க டீச்சர்.

தலையைக் குனிஞ்சுக்கிட்டார். "எப்பவும்."

டீச்சர் மூடியைத் திறந்தாங்க. ரெண்டு கட்டை இறக்கி வாசிச்சாங்க. செல்வின் பாடினார். எப்படி இருந்தது? சுமார். ஆனா அந்த உச்சத்துல முதல் தடவையா அது அவர் குரல்.

இப்ப நம்ம விஷயத்துக்கு வர்றேன். கோட்டைக் கழட்டுறது எளிமை இல்லய்யா. மாலை வேண்டாங்கிறதும் எளிமை இல்ல. நமக்குப் பின்னாடி நின்னு பாடினவங்க பேரை நம்ம வாயால சொல்றது இருக்கே, அதுதான் எளிமை. அதுக்குக் கசக்கின ஜிப்பா தேவையில்ல.

இருபத்தஞ்சு வருஷமா இந்த வாசகசாலையைக் காலையில ஆறு மணிக்குத் திறந்து, கூட்டி, பேப்பர் எடுத்து அடுக்குறவங்க அதோ, தண்ணி கேன் பக்கத்துல நிக்கிறாங்க. என்னையும் சேர்த்து ஏழு பேர் பேசினோம். ஒருத்தரும் அவங்க பேரைச் சொல்லல. எனக்குப் பேர் தெரியும். ஆனா நான் சொல்ல மாட்டேன்.

தலைவர் அவர்களே, மைக் இந்தாங்க. நீங்க சொல்லுங்க. அதுக்கப்புறம் நான் பேசுறேன்.