மீரிமின் கால் நூல்

மே 18, ஞாயிறு. மாஸ்கோ.

இன்று ஒரு சிறு தவறு செய்தேன். எங்கள் ஊர் நாரினில், அக்காவிடம் வளரும் என் மகள் மீரிமுக்குக் கால் நூல் அறுத்து முதல் நடை விடும் சடங்கு, பகல் பன்னிரண்டுக்கு. இங்கே அது காலை ஒன்பது. மூன்று மணி நேரத்தைக் கழிப்பதற்குப் பதில் கூட்டிவிட்டேன். மூன்று அடித்ததும்தான் அக்கா குல்பாராவை அழைத்தேன். பேசியதை அப்படியே எழுதிப் பழகும்படி நான் போகும் மாலை மொழி வகுப்பில் சொல்லியிருக்கிறார்கள். என் பக்கத்தை மட்டும் எழுதுகிறேன்.

"ஹலோ... அக்கா, துமார்தான். எல்லாரையும் கூப்பிடு, நான் தயார்... என்னது, முடிஞ்சிடுச்சா?... அங்க மணி ஆறா? ஐயோ, கூட்டிட்டேன் அக்கா. கழிச்சிருக்கணும்...

ஆமா... ஆமா... திட்டு...

எனக்காக ஒரு மணி நேரம் காத்திருந்தீங்களா? கால்ல நூலைக் கட்டிட்டு ஒரு மணி நேரம் நிக்க வச்சீங்களா?... ஓ, மடியிலதானா. சரி... கறுப்பும் வெள்ளையும் சேர்த்து முறுக்குனதுதானே?... பந்தயத்துல முதல்ல ஓடி வந்து அறுத்தது யாரு?... பக்கத்து வீட்டு பெகைமா? அந்த வாயாடியா? போச்சு, அறுத்தவ குணந்தான் வரும்பாங்க. இனி மீரிம் உன்னைத் தூங்க விடமாட்டா...

நடந்தாளா?... எத்தனை அடி?... நாலா... யாருகிட்ட போனா?

...பேச்சை மாத்தாதே அக்கா. யாருகிட்ட போனான்னு கேட்டேன்... உன்கிட்டயா. சரி... இல்ல, அழல. அம்மான்னு கூப்பிட்டாளா?...

நீ ஏன் மன்னிப்புக் கேக்குற?... நேரத்தைத் தெளிவா சொல்லலையா? மூணு தடவை எழுதி அனுப்பினியே... நிறுத்து அக்கா. நான் கூட்டவும் இல்ல, கழிக்கவும் இல்ல. ஒன்பது மணிக்கு நீ அடிச்சப்போ போன் என் கையிலதான் இருந்துச்சு...

ஆமா... பார்த்துக்கிட்டேதான் இருந்தேன். பதினோரு தடவை... ஹோட்டல் சலவை அறையில, விரிப்புக் குவியல் மேல உக்காந்து... போன வாரம் போன்ல என் முகத்தைப் பார்த்ததும் உன் தோள்ல மூஞ்சியப் புதைச்சுக்கிட்டுக் கத்துனாளே. இன்னைக்கு ஊரே பார்க்க அப்படிச் செஞ்சிருந்தா?... பொய் பொருந்தணுமேன்னு மூணு அடிக்கற வரைக்கும் காத்திருந்தேன்...

...திட்டிடு அக்கா...

என்ன?... போனைப் பிடிக்கவா வந்தா?... நீ படம் எடுத்துக்கிட்டு இருந்தியா... கையை நீட்டி, போனைப் பார்த்து 'அம்மா'ன்னாளா?... தேத்தாதே. எல்லாக் குழந்தையும் போனுக்குத்தான் ஓடும்... தினமுமா? அணைஞ்ச போனைத் தூக்கி வச்சுக்கிட்டு அப்படித்தான் சொல்றாளா?...

அக்கா... அவ நடந்து வந்தப்போ அதுல நான் இல்லையே...

சரி... குடு... மீரிம்?... மூச்சு கேக்குது. கண்ணு, அம்மா இங்க... ஏய், எதையும் அமுக்கிடாத..."

அமுக்கிவிட்டாள்.

மேலே முதலில் எழுதியது பொய். அதை அடிக்காமல் விடுகிறேன்.

நாளைக்கு: காலை ஐந்தரை, அங்கே எட்டரை. முகம் தெரிய அழைக்க வேண்டும். அவள் அழுதாலும் போனை வைக்கக் கூடாது.