வளர்ந்துகொண்டே இருக்கும் அலகு

கிள்ளானிலிருந்து வந்த ரயிலில் என் எதிரே இரண்டு பெண்கள். மூத்தவர் மடியில் பறவைத் தீனிப் பொட்டலம் இருந்தது.

“மகன் விட்டுட்டுப் போன பிஞ்ச் குருவிங்க குஞ்சு பொரிச்சிருக்கு. அப்பனுக்குப் பெரிய அலகு, ஆத்தாவுக்குச் சின்னது. குஞ்சுக்கு யாரோடது வருதுன்னு ரூலர் வச்சு அளந்து சொல்லணுமாம். ஆஸ்திரேலியாவுல, பெர்த்ல அதத்தான் படிக்கிறான். அதுக்குன்னே ஞாயித்துக்கிழமை போன் பண்ணுவான்.”

“யாரோடது வந்துச்சு அக்கா?”

“அப்பனோடதுதான். வளர்ச்சி நின்னு ரெண்டு மாசமாச்சு. அவன்கிட்ட இன்னும் வளருதுன்னுதான் சொல்லிக்கிட்டிருக்கேன்.”

இளையவர் சிரித்துவிட்டார். “ஐயோ அக்கா, அலகப் பத்தியே படிக்கிறவனுக்கு அது எப்ப நிக்கும்னு தெரியாதா லா?”

மூத்தவர் பொட்டலத்தின் வாயை மடித்தார். பிரிக்பீல்ட்ஸுக்கு இறங்க எழுந்தபோதுதான் கேட்டார்.

“அப்போ, தெரிஞ்சுக்கிட்டேதான் வாராவாரம் கூப்பிடுறானா?”