கரைந்த மூக்குத்தி

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு காலை. திருப்பத்தூரிலிருந்து ஜவ்வாது மலை ஏறும் பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள். இளையவர் நர்ஸ். மற்றவர், மலைப் பள்ளியில் அவருக்கு அறிவியல் நடத்திய வாத்தியாரின் மனைவி. வாத்தியார் இறந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது என்று பேச்சில் தெரிந்தது.

“ஒங்க மூக்குத்திய நான் குடிக்கப் பார்த்தேம்மா,” என்றார் நர்ஸ்.

“இன்னாம்மா சொல்ற?”

“பத்தாவது படிக்கசொல்ல சாரு ஒடஞ்ச மூக்குத்தி ஒண்ணு எடுத்தாந்தாரு, எங்க வூட்டம்மாதுன்னு. ஆசிட்ல கரைச்சு, ஏதோ உப்பு போட்டுக் காய்ச்சினாரு. மாதுளம் ஜூஸாட்டம் செவந்துச்சு. சர்பத்துன்னு நெனச்சு எடுத்துட்டேன். கைய புடிச்சுட்டாரு.”

“அப்புறம்?”

“ரெண்டு பாட்டில்ல ஊத்தி, ஒண்ணுல மட்டும் பிசின் கலந்தாரு. ரெண்டுலயும் கொஞ்சம் சோத்து உப்பு போட்டாரு. பிசின் இல்லாதது நீலமாயி, தங்கத்தூள்லாம் ஒண்ணோடொண்ணு ஒட்டிக்கினு அடில எறங்கிடுச்சு. இன்னொண்ணுல ஒவ்வொரு தூளும் பிசினப் போத்திக்கினு இருக்கு, அதான் ஒட்டலன்னாரு. நான் பள்ளிக்கூடம் முடிக்கிற வரைக்கும் அது அலமாரில செவப்பாவே இருந்துச்சும்மா.”

அந்த அம்மா சொன்னார்:

“மூக்குத்தி எங்கன்னு கேட்டேன். கரைஞ்சு போச்சுன்னாரு. தங்கம் எங்கியாவது கரையுமா? வித்துட்டுப் பொய் சொல்றாருன்னு ஒரு மாசம் மூஞ்சி குடுத்துப் பேசல.”

“கேட்டிருந்தா காட்டியிருப்பாரேம்மா.”

“வந்து பாருன்னுதான் கூப்ட்டாரு. நாந்தான் போவல.”